பெண்டாட்டி பேரில் ஒரு பாஸ்வேர்டு

கப்பலில் வேலை பார்க்கிற என் தம்பியிடம் பிட்காயின் இருக்கிறது என்பதே எங்களுக்கு அந்த ஆடி மாதம்தான் தெரிந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தவன், பெண்டாட்டியோடு என் வீட்டில் உட்கார்ந்து சாளைக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டிவியில் பிட்காயின் விலை ஏறியதைப் பற்றி ஏதோ சொன்னார்கள். "நானும் கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்தேன்க்கா. பாஸ்வேர்டுதான் மறந்துபோச்சு," என்றான். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"ஏலே, என்ன பாஸ்வேர்டு வச்ச?" என்று கேட்டேன்.

"இவ பேருதான்," என்று பக்கத்தில் இருந்த பெண்டாட்டியைக் கண்ணால் காட்டினான். "இவ பேரும், கூட ஏதோ ஒரு நம்பரும். நடுவுலயோ கடைசியிலயோ ஒரு குறி இருக்கும். எப்படி எழுதுனேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்கு."

தம்பி பெண்டாட்டி கீழவைப்பார்க்காரி. அதிகம் பேச மாட்டாள், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடவும் மாட்டாள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நான்தான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். என் வீட்டுச் சட்டியிலிருந்து, என்னைக் கேட்காமலேயே, அவனுக்கு இன்னும் இரண்டு மீன் எடுத்து வைத்தாள். எங்கள் குடும்பத்து ஆண்களுக்குப் பிரியமாக ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது. என் வீட்டுக்காரருக்கும் வராது, அவர் துறைமுகத்தில் கிரேனுக்கு மேலே உட்கார்ந்து வேலை பார்ப்பதால் கீழே இருக்கிறவர்களோடு பேசும் பழக்கமே விட்டுப்போச்சு என்று நான் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட வீட்டில், புருஷன் நடுக்கடலில் இருந்தபோது தன் பேரைத்தான் பூட்டாக வைத்தான் என்று கேட்டால் எவளுக்குத்தான் தலைகால் புரியும்? மறுநாள் காலைக்குள் தெருவில் பாதி வீட்டுக்கு விஷயம் தெரிந்திருந்தது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள் மீதிப் பாதிக்குச் சொன்னார்கள்.

பணம் ஒன்றும் பெரிய பணமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில், கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் சொல்லிக் கொடுத்து, சம்பளத்தில் மிஞ்சியதைத் தம்பி அதில் போட்டிருக்கிறான். இன்றைய விலைக்கு மாடியில் ஓர் அறை கட்டலாம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கூரைக்குக் கீழேயே இருந்துகொள்ளலாம். ஆனால் தம்பி பெண்டாட்டிக்கு விஷயம் பணத்தில் இல்லை. அந்தப் பூட்டுக்குள் தன் பேர் இருக்க வேண்டும். அதை அவள் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது.

நான் இதில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் தொழில். வீடு கட்டப்போகிறவர்களுக்கு 3டி எலிவேஷன் போட்டுக் கொடுக்கிறேன். கட்டாத வீட்டைக் கட்டிய மாதிரி, வாங்காத காரை வாசலில் நிறுத்தி, நடாத போகன்வில்லாவைப் பூக்கவிட்டுப் படமாக்கித் தர வேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. எங்கள் வீட்டிலேயே விலை கூடின சாமான் அதுதான், ஃப்ரிட்ஜெல்லாம் அதற்கு அப்புறம். ஆடி மாதம் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், ஆகையால் எனக்கும் கார்டுக்கும் வேலை கிடையாது. தம்பி தன் பழைய லேப்டாப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நல்லவேளை, அது உயிரோடு இருந்தது. அதில்தான் பிட்காயினைப் பூட்டி வைத்திருக்கிற வாலட் ஃபைல் இருந்தது; அதைக் காப்பி எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். இன்டர்நெட்டில் இதை மீட்டுத் தருகிறோம் என்று ஆயிரம் பேர் கூவுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வேலை என்னவென்றால் இவ்வளவுதான்: பாஸ்வேர்டு இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகக் கார்டு போட்டுப் பார்க்கும். ஆனால் அந்த வாலட்டைச் செய்தவர்கள் வேண்டுமென்றே அதைப் பிடிவாதக்காரியாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் போட்டு அரை அரையென்று அரைத்த பிறகுதான் ஆமாம், இல்லை என்று சொல்லும். அதனால் உலகத்தில் உள்ள எழுத்தையெல்லாம் கலக்கிப் போட்டுப் பார்க்க முடியாது. எதைச் சுற்றித் தேடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. எதைச் சுற்றி என்று அவன்தான் சொல்லிவிட்டானே.

கவலை வந்தது அவள் பேரை எழுத உட்கார்ந்தபோது. எங்கள் கடற்கரையில் பெண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மோட்சத்தில் உள்ளவர்களை ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்து வைப்பார்கள் போல. அவள் ஒருத்தி பேரிலேயே மூன்று புனிதைகள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த சாமியார் எழுதிய கல்யாணச் சான்றிதழில் வேறொரு மாதிரி. 'எஃப்' போடுவதா 'பி ஹெச்' போடுவதா, ஒரு 'எஸ்'ஸா இரண்டா, கடைசியில் 'ஏ' உண்டா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அம்மா வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பேர் தனி. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எழுதும்படி ஒரு சின்ன புரோகிராம் போட்டேன். நம்பருக்குக் கல்யாணத் தேதி, அவன் பைக் நம்பர், இரண்டு பேரும் பிறந்த வருஷம். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் தன் பேர் விதவிதமான எழுத்தில் ஓடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எலிவேஷனுக்கு வைக்கிற அதே செட்டிங்கில், முழு வேகத்தில் ஓடவிட்டேன். சற்று நேரத்தில் ஃபேன் கத்த ஆரம்பித்தது. சூடு ஏற ஏறக் கார்டு தானாகவே பயந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எலிவேஷன் படம் ரெண்டராகி உருவாகும்போது இடையிடையே மூச்சு விட நேரம் கிடைக்கும். இந்த வேலையில் இடைவெளியே இல்லை. நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். ஆடி மாத மேல்காற்று உப்பளத்துத் தூசியையும் ரோட்டுப் புழுதியையும் குழைத்துக் கொண்டுவந்து எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் பாரபட்சமில்லாமல் போடும். சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது பிசுபிசுவென்று அடைத்திருந்தது. தம்பி டார்ச் பிடிக்க, பிரஷ்ஷால் தட்டி, துடைத்து, சூடு கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது தடவினேன்.

"இப்ப ஃபுல்லா போடுக்கா," என்றான்.

"ஏலே, ஒங்க கப்பல்ல மெயின் எஞ்சினை எப்பவும் ஃபுல்லாத்தான் ஓட்டுவீங்களா?"

அவன் எஞ்சின் ரூமில் மோட்டார்மேன். கேள்வியை மதித்து யோசித்தான். "இல்லக்கா. கொஞ்சம் கொறச்சுத்தான். ஃபுல் லோடுல போனா எண்ணெயும் கூட, சூடும் கூட. அந்த அளவுக்கு வேகம் கெடைக்காது."

"அதேதான் இங்கனயும்."

அதற்குப் பிறகு அவன் என் ஆள் ஆகிவிட்டான். கார்டு இழுக்கிற கரண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தேன். இந்த வேலைக்கு மெமரி அதிகம் தேவையில்லை, அதனால் அதன் வேகத்தை இறக்கினேன். கணக்குப் போடுகிற பகுதியின் வேகத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் போகிற வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் தம்பி எஞ்சின் ரூமில் நிற்கிற மாதிரி சூட்டை உரக்க வாசித்தான். வேலைப் பளுவை எவ்வளவு ஏற்றுவது என்று வேறொரு செட்டிங் உண்டு. அதைக் கூட்டினால் மவுஸ் அசையாது, திரை உறைந்துபோகும். நான் உட்கார்ந்திருக்கும்போது குறைத்தும், கோயிலுக்குக் கிளம்பும்போது கூட்டியும் வைத்தேன். கடைசியில் ஃபேன் சத்தம் அடங்கி, வேகம் முதல் நாளைவிட ஏறியிருந்தது. எனக்கு ஒரே பெருமை. பண்டிகை நாளில் பலகாரம் பதமாக வந்தால் வருமே, அந்தப் பெருமை.

தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "மைனி, இம்புட்டு வேகமா எம் பேரையா தேடுது?" என்றாள்.

"ஆமாளா. ஒன் பேரத் தவிர வேற நெனப்பே இல்ல அதுக்கு," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பேர் முழுவதும் ஓடி முடிந்தது. கிடைக்கவில்லை.

இருக்கட்டும் என்று இன்னும் சில எழுத்து மாற்றங்களைச் சேர்த்தேன். முதல் எழுத்தைப் பெரிதாக, எல்லாவற்றையும் பெரிதாக, பேரைத் திருப்பிப் போட்டு. அதுவும் ஓடி முடிந்தது, ஒன்றும் வரவில்லை. தம்பி தலையைச் சொறிந்தான். "இவ பேருதாங்க்கா, எனக்கு நல்லாத் தெரியும்," என்றான். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொன்னான். திருவிழாச் சப்பரம் பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன, ஒன் பேரு தெறந்துச்சா?" என்று தம்பி பெண்டாட்டியைக் கேட்டிருக்கிறாள். அவள் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. இந்த மாதிரி தேடலில் கார்டு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாலும் வெளியே தெரியாது. சரியான பாஸ்வேர்டு கையில் வந்து நிற்கும்போதே இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டுப் போய்விடும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதே மாதிரி இன்னொரு வாலட்டை நாமே செய்து, நமக்குத் தெரிந்த பாஸ்வேர்டை வைத்து, இதைக் கண்டுபிடி பார்ப்போம் என்று கார்டிடம் கொடுக்க வேண்டும். நான் முதலிலேயே செய்துதான் பார்த்திருந்தேன், ஆனால் அதற்குப் பிறகு வோல்டேஜை இன்னும் ஒரு படி இறக்கியிருந்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கண்டுபிடித்தது. அடுத்த தடவை, தெரிந்த பாஸ்வேர்டையே பார்க்காமல் தாண்டிப் போனது.

இதை அவளிடம் சொன்னதும் அவள் முகம் மறுபடி விடிந்தது. "அப்ப எம் பேரு இருந்து, மெஷின் பாக்காமப் போயிருக்கும், என்ன மைனி?"

"இருக்கலாம்ளா."

வோல்டேஜை ஏற்றினேன். சோதனை வாலட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு தடவையும் தவறவில்லை. வேகம் கொஞ்சம் போனது, போகட்டும். அவசரத்தில் ஆளைத் தாண்டிப் போகிற பஸ்ஸைவிட நின்று ஏற்றிக்கொண்டு போகிற பஸ் மேல். அவள் பேர் அத்தனையையும் முதலிலிருந்து ஓடவிட்டேன். கரண்டு போய்ப் போய் வந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவள் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் வந்து எட்டிப் பார்த்தாள். அந்த நாட்களில் தம்பியைவிட அவள்தான் என் வீட்டில் அதிகம் இருந்தாள்.

மறுபடியும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை மெஷின்மேல் பழியைப் போடவும் வழியில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தம்பி பைக்கைச் சர்வீஸுக்கு விடப் போயிருந்த நேரம் பார்த்து, முருங்கைக்கீரையும் கையுமாக அவள் வந்தாள். கீரையை என்னிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்து உருவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "மைனி, இன்னொரு பேரும் போட்டுப் பாப்பீங்களா?" என்றாள்.

"யாரு பேரு?"

சொன்னாள். எனக்கு அந்தப் பேர் தெரியும். தம்பி கப்பலுக்குப் போகுமுன் கம்ப்யூட்டர் கிளாஸில் கூடப் படித்த பெண், இங்கே பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும். ஒரு தடவை எங்கள் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறது, அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவன் கப்பலேறிய பிறகு பேச்சு நின்றுபோனது. அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் தம்பியின் மனசுக்குள் போய்ப் பார்த்தவர் யார்? இவளுக்கு யாரோ கல்யாணப் பந்தியிலேயே அதைப் பரிமாறியிருக்கிறார்கள், இவளும் இத்தனை வருஷம் அதைச் செரிக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"ஏளா, அதெல்லாம் வேண்டாம். அவன்தான் ஒன் பேருன்னு தலையில அடிச்சுச் சொல்லுதான்லா."

"சொல்லுதாக. ஆனா இல்லையே. நீங்க போடலன்னா நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன் மைனி, உள்ளுக்குள்ள."

 அந்தப் பேரைப் போட்டேன். அதே நம்பர்கள், அதே குறிகள். சின்னப் பேர்தான், எழுத்துக் குழப்பம் அதிகமில்லை, சீக்கிரம் முடிந்துவிடும். கார்டு ஓட ஆரம்பித்தது. என்னத்தையோ கண்டுபிடிக்க வேண்டும் என்று பாடுபட்டுச் சுத்தம் பண்ணி, சூட்டைக் குறைத்து, ஒன்றையும் தவறவிடாதபடி சரி பண்ணி வைத்தவள் நான். இப்போது, கண்டுபிடித்துவிடாதே என்று அதே கார்டைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவள் கீரை உருவிக்கொண்டிருந்தாள், காம்பும் இலையும் ஒரே பக்கம் விழுந்துகொண்டிருந்தன. மாதாவே, இந்தப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று வாய்க்குள் சொன்னேன்.

முடிந்தது. கிடைக்கவில்லை.

எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். "இல்லளா. அவ பேரு இல்ல. நிம்மதியாப் போய்க் கீரையச் சமை," என்றேன்.

"மெஷின் சரியாத்தான பாத்துச்சு?"

"சோதனையும் போட்டாச்சு. சரியாத்தான் பாத்துச்சு."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப மூணாவதா ஒருத்தியா?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஏளா, ஒனக்கு மண்டை கிண்டை கொழம்பிட்டா? எஞ்சின் ரூம்ல கெடந்து எண்ணெய் தொடைக்கவனுக்கு மூணு பேரு கேக்குதோ? அவன் மூஞ்சிக்கு நீ கெடைச்சதே பெரிசு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்தாள். "சரி, இதப் பாருங்க மைனி. நீங்களே பாத்துச் சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒங்க தம்பி அனுப்புனது எல்லாம் இதுல இருக்கு. ஒரு எடத்துலயாவது எம் பேரு இருக்கா? அவுக ஃபோன்லயும் என்னய 'வீடு'ன்னுதான் பதிஞ்சு வச்சிருக்காக."

வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனேன். புருஷன் பெண்டாட்டி பேசியதைப் படிக்கக் கூடாதுதான், ஆனால் அவளே சாட்சிக்குக் கொடுத்தது. அவன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறவன். ஏளா சாப்பிட்டியா. ஏளா சிக்னல் இல்ல. ஏளா இங்க ஒரே குளிரு. ஏளா கேஸ் வந்துட்டா. ஏளா அழாத, அடுத்த மாசம் எறங்கிருவேன். அவள் சொன்னது உண்மை. எங்கேயும் அவள் பேர் இல்லை.

அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "ஏளா," என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஃபோனைத் திரும்பப் பார்த்தேன். முதலில் 'ஒய்', அப்புறம் 'இ', இரண்டு 'எல்', ஒரு 'ஏ'. 'ள'வுக்கு இரண்டு 'எல்' போட்டால்தான் நாக்கு மடங்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! நான் அந்தச் சொல்லை யோசித்திருந்தால்கூட இப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் யோசிக்கவே இல்லை. காலையில் எழுந்தால் மீன்காரியை, தண்ணீர் பிடிக்க வருகிறவளை, இவளை என்று நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு ஒரு சொல்லாகவே தெரியவில்லை.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த எழுத்துகளை அப்படியே அடித்து, நம்பர்களைச் சேர்த்துக் கொடுத்தேன். டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. திரை நின்றது. கிடைத்துவிட்டது.

ஏளா, ஒரு நட்சத்திரக் குறி, பைக் நம்பர்.

அவள் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள்.  "இதா மைனி?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் கீரையை அப்படியே தரையில் வைத்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

தம்பி வந்ததும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். பார்த்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை. "ஆமா, இதுதான். நான் அன்னைக்கே சொன்னேம்லா, இவ பேருதான்னு."

"ஏலே, இது பேராலே?" என்று கத்திவிட்டேன். மூன்று புனிதைகளையும் எத்தனை விதமாகப் புரட்டிப் போட்டிருக்கிறேன், எனக்கு இருக்காதா!

"பின்ன? நான் இவள வேற என்னன்னு கூப்பிடுதேன்?" அவன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

கட்டிலில் இருந்தவள் விடவில்லை. "ஊர்ல பாதிப் பொம்பள ஏளாதான். மைனி என்னய ஏளாங்காங்க. மீன்காரி ஏளாங்கா. அது எப்படி எம் பேரு ஆவும்?"

"அவுங்க எல்லாரையும் கூப்பிடுதாங்க. நான் ஒன்னயத் தவுர யாரக் கூப்பிட்டேன்?"

நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என்னை அக்கா என்பான். அம்மாவை அம்மா. சித்தியைச் சித்தி, மதினியை மதினி, மீன்காரியை 'எம்மா'. கம்ப்யூட்டர் கிளாஸ் பெண் வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பேரைச் சொல்லி, 'வாங்க, உக்காருங்க' என்றான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பையன் சொன்னது சரி. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் ஒருத்திக்கு மட்டும்தான் போயிருக்கிறது. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் மாடி அறைக்காக வந்ததில்லை. அவளும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பைக் நம்பர மட்டும் தப்பாமப் போடத் தெரிஞ்சிருக்கு," என்றாள். அது சண்டைக்காரியின் குரல் இல்லை.

காயினை விற்று, வரி கட்டி, பணம் அவன் அக்கவுண்டுக்கு வந்து சேர்ந்தது. மாடி அறைக்கு நான்தான் எலிவேஷன் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்காமல். கார்டை மறுபடி பழைய செட்டிங்குக்கு மாற்றவில்லை. அந்தக் குறைந்த சூடும் குறைந்த சத்தமும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, எலிவேஷனும் அதிலேயே நன்றாகத்தான் வருகிறது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி பெண்டாட்டி, "தெறந்துட்டு, எம் பேருதான்," என்று மட்டும் சொன்னாள். எந்தப் பேர் என்று விளக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் அவள் அவனைச் சும்மா விடவில்லை. ஒரு நாளாவது முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்களேன் என்று கேலியும் குறையுமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுபடி கப்பலேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நான் மாடியில் அளவெடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி வரும்போது, அவன் மீன் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று புனிதைகளையும் விடாமல், அவள் பேரை உரக்கக் கூப்பிட்டான்.

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. ஈரக் கையோடு அவள் ஓடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல," என்றான் தம்பி, மீன் பையைப் பிடித்தபடி. "நீதான பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன."

அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேண்டாங்க. இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. ஆஸ்பத்திரியில கூப்பிடுத மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்து, "ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா," என்றான்.

"இந்தா வாரேன்," என்றது குரல்.